கூலி பேசாமல் வயலில் இறங்கக் கூடாது: கல்வி உரிமைச் சட்டம் பேரம் பேசப்பட்ட கதை

(வெண்மணி ஈகியர் நினைவு நாளையொட்டி 2025 டிசம்பர் இறுதியில், காரைக்கால் மாவட்டம் குரும்பகரத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னை ஆய்வு மாணவி என்று சொல்லி அழைத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மாக்களுக்கு நான் இன்னும் நடவுக்காரி மகள்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வரப்பில் நின்று கூலியைப் பேசி முடிக்காமல் சேற்றில் காலை வைக்க மாட்டார். "நட்டு முடிச்சிட்டுப் பேசினா அவன் குடுக்கிறதுதான் கூலி" என்பார். கூலி பேசுவது நம் மக்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, நமக்குத் தெற்கே கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியை உயர்த்திக் கேட்டதும், ஏற்றிய செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். பேரம் பேசும் உரிமைக்காக உயிர் கொடுத்த மண் இது.

நான் ஆய்வுக்காக நாடாளுமன்ற விவாதங்களையும் குழு அறிக்கைகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் படிக்கப் படிக்க அம்மா சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தை யாரோ ஒரு நல்லவர் மனமிரங்கிக் கொடுத்தது போலப் பேசுகிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் பேரம் பேசப்பட்ட வரி. அந்தப் பேரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

1882-இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு மார்ச் மாதம் பாரிசில் ஜூல் ஃபெர்ரி கொண்டுவந்த சட்டத்தின்படி தொடக்கக் கல்வி கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டே இலவசமாகியிருந்தது. அன்று காரைக்காலில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிய கொடிக்காரர்களின் சட்டம் நம் சேரிக்குள் வந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகவில்லை. நம் பாட்டன்களின் பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதே 1882-இல் அக்டோபர் மாதம், மகாத்மா ஜோதிராவ் பூலே ஆங்கிலேய அரசின் ஹண்டர் குழுவிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். உழவர்களிடம் வாங்கும் வரியை மேல்தட்டுப் பிள்ளைகளின் உயர்கல்விக்குச் செலவிடுகிறீர்கள். குறைந்தது பன்னிரண்டு வயது வரை எல்லாருக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்டார். இந்தக் கோரிக்கையை முதலில் வைத்தவர்களில் ஒருவர் நம்மவர். அது சட்டமாக 127 ஆண்டுகள் ஆயின.

ஏன் அத்தனை ஆண்டுகள்? 1911-இல் கோகலே ஒரு மசோதா கொண்டுவந்தார். ரொம்பப் பணிவான மசோதா அது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் படிக்கிற ஊர்களில் மட்டும், உள்ளாட்சி விரும்பினால் மட்டும் என்று மூன்று 'மட்டும்' போட்ட மசோதா. அதையும் 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்று தோற்கடித்தார்கள். அரசாங்கம் பணமில்லை என்றது. நிலவுடைமையாளர்களின் பயம் வேறு: பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போனால் பண்ணையில் வேலை செய்ய ஆள் ஏது? இந்த இரண்டு காரணங்களையும் மறக்காதீர்கள். பணமில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். ஆள் கிடைக்காது என்பது உள்ளே இருக்கும் காரணம். நூறு ஆண்டுகளாக இந்த இரண்டும் கைகோத்தே வருகின்றன.

அடுத்து அரசமைப்புச் சட்டம். இலவசக் கட்டாயக் கல்வியை நீதிமன்றம் போய்க் கேட்கக்கூடிய அடிப்படை உரிமைகளின் பட்டியலில் வைக்க வேண்டும் என்ற யோசனை தொடக்கத்தில் இருந்தது. 1947 ஏப்ரலில் ஆலோசனைக் குழு அதை எடுத்து, நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாத வழிகாட்டும் நெறிகளின் பக்கம் வைத்துவிட்டது. 1948 நவம்பர் 23 அன்று அரசமைப்பு அவையில் இது விவாதத்துக்கு வந்தபோது, ஓர் உறுப்பினர் 'பதினான்கு வயது வரை கல்வி' என்பதைத் 'தொடக்கக் கல்வி' என்று சுருக்கச் சொன்னார். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் சொல்லியிருக்கிறோம்; வேலைக்குப் போகாத பிள்ளை பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினார். ஆள் கிடைக்காது என்று பயந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. எல்லாவற்றையும் அன்று காப்பாற்ற அவரால் முடியவில்லை. உரிமை என்ற சொல் போய்விட்டது. ஆனால் அந்த 14 என்ற எண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று சட்டத்தில் இருக்கும் 14, அன்று அவர் பிடித்து வைத்த 14.

பத்து ஆண்டுகளுக்குள் முடிப்போம் என்று 45-வது பிரிவில் எழுதினார்கள். 1960 வந்தது, போனது. 1966-இல் கோத்தாரி குழு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி முறை வேண்டும் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டது. பிறகு 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் கட்சிகளுக்கு வேறு வழியில்லாமல் போனது.

இங்கேதான் உண்மையான பேரம் தொடங்குகிறது. நீதிமன்றம் சொன்னது பதினான்கு வயது வரை. அதாவது பிறந்ததிலிருந்து பதினான்கு வரை. வாஜ்பாய் அரசு கொண்டுவந்து 2002-இல் நிறைவேறிய 86-வது திருத்தம் அதை ஆறிலிருந்து பதினான்கு என்று ஆக்கியது. நீதிமன்றம் கொடுத்ததை நாடாளுமன்றம் வெட்டியது. மசோதா மக்களவையில் நிறைவேறிய 2001 நவம்பர் 28 அன்று டெல்லியில் பல்லாயிரம் பேர் திரண்டு ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்கவில்லை. தபஸ் மஜும்தார் குழு பத்தாண்டுகளில் கூடுதலாக 1,37,000 கோடி ரூபாய் வேண்டும் என்று கணக்குக் கொடுத்திருந்தது. மசோதாவின் நிதிக் குறிப்பு ஆண்டுக்கு 9,800 கோடி என்று அதைவிடக் குறைத்து எழுதியது. அதோடு, 'அரசு சட்டத்தின் மூலம் தீர்மானிக்கும் விதத்தில்' என்று ஒரு வாக்கியத் துண்டைச் சேர்த்தார்கள். உரிமை உண்டு, ஆனால் எப்படி, எவ்வளவு என்பதைப் பின்னால் சொல்வோம் என்று பொருள். அம்மா சொல்வாரே, நட்டு முடித்த பிறகு கூலி, அதுதான் இது. அதே திருத்தத்தில் பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை என்றும் எழுதினார்கள். அரசு தன் பங்கில் குறைத்ததை நம் தலையில் ஏற்றியது.

பின்னால் சொல்ல எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். இந்த எட்டு ஆண்டுகளில் நடந்த ஒன்றை இன்றைய இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-இல் ஒன்றிய அரசு தானே சட்டம் போடாமல், ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. இதை ஏற்றால் அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் 75 விழுக்காடு பணம் தருவோம், ஏற்காவிட்டால் 50 விழுக்காடுதான் என்றது. பணத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வேலையை இன்றைய ஆட்சிதான் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். அன்று இருந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. எதிர்ப்பு வந்ததால் அந்த வழியைக் கைவிட்டார்கள். 2008 டிசம்பர் 15 அன்று மாநிலங்களவையில் மசோதா வந்தது. 2009 ஜூலை 20-இல் மாநிலங்களவை, ஆகஸ்ட் 4-இல் மக்களவை, ஆகஸ்ட் 26-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சட்டம் வந்த பிறகும் செலவில் யாருக்கு எவ்வளவு என்று இழுபறி. 55-க்கு 45 என்பது 65-க்கு 35 ஆகி, பின்னர் 60-க்கு 40 ஆனது. சட்டமன்றம் இருப்பதால் நம் புதுச்சேரிக்கும் அதே 60-க்கு 40தான்.

இந்தப் பேரத்தில் நாம் என்ன பெற்றோம்? நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிறையப் பெற்றோம். நன்கொடை, நுழைவுத் தேர்வு கூடாது. பிள்ளையை அடிக்கக் கூடாது, மனதால் துன்புறுத்தக் கூடாது. ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டப்படாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு. எட்டாம் வகுப்பு வரை பெயிலாக்கிப் பள்ளியைவிட்டு விரட்டக் கூடாது. இந்தக் கடைசி உரிமையை 2019-இல் திருத்தம் போட்டு ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் திரும்ப எடுத்துக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். பெயிலான பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையாக இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்ன இழந்தோம்? பதினான்குக்கு மேலே உள்ளதை இழந்தோம். என்னோடு எட்டாம் வகுப்பு படித்த மூன்று பெண்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. ஒருத்தி திருப்பூருக்குப் போனாள். மற்ற இருவரும் அவரவர் அம்மாவோடு நடவுக்குப் போனார்கள். அன்று இந்தச் சட்டம் வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அவர்களுக்குக் கைகொடுக்க அதில் ஒரு வரி கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பொதுப்பள்ளி. ஒரே ஊரில் ஆண்டை வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற கோரிக்கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக 25 விழுக்காடு கொடுத்தார்கள். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஓர் இடத்தை நமக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கொடுக்கும். தனியார் முதலாளிகள் இதையும் விடவில்லை, நீதிமன்றம் போனார்கள். 2012 ஏப்ரல் 12-இல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில்தான் இந்தப் பிரிவு தப்பியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014-இல் பிரமதி வழக்கில் முழு விலக்குக் கிடைத்தது. இந்தச் சட்டம் பள்ளிகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அப்படியே சட்டபூர்வமாக்குகிறது என்று அனில் சத்கோபால் போன்றவர்கள் அன்றே எச்சரித்தார்கள்.

அவர்கள் சொன்னது சரி என்று ஆய்வேட்டில் நானும் எழுதுகிறேன். ஆனால் என் அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அந்தப் பக்கம், மயிலாடுதுறை மாவட்டத்தில். அவள் மகளுக்கு 2025-இல் எல்.கே.ஜி. வயது. இந்த 25 விழுக்காட்டில் விண்ணப்பிக்கலாம் என்று சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஏப்ரலில் இணையதளம் திறக்கும் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை. தினமும் எனக்குப் போன் செய்வாள். "நீதான் இதையெல்லாம் படிக்கிறியே, என்னைக்குத் திறப்பாங்க?" என்பாள்.

ஏன் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தமிழ்நாடு பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையையும் மும்மொழியையும் ஏற்கவில்லை என்பதற்காக, 2024-25-க்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அந்தப் பணத்துக்குள்தான் அக்கா மகளின் இடமும் இருந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை கொரோனா காலத்தில் அமைச்சரவை ஒப்புதலோடு வந்தது. நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேறவில்லை. சட்டம் கொடுத்த உரிமையை, சட்டமே இல்லாத ஒரு கொள்கைக்குப் பணயம் வைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. அக்டோபரில்தான் சேர்க்கை வேலை தொடங்கியது. ஜூனில் திறந்த பள்ளி அக்டோபர் வரை காத்திருக்குமா? பக்கத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் முழுக் கட்டணம் கேட்டார்கள். அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினாள். மும்மொழித் திணிப்பை எதிர்த்து நிற்பது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இரண்டு அரசுகள் மோதிக்கொண்டபோது, அந்த ஐந்து மாதத்துக்கு வட்டி கட்டியது என் அக்கா. பேரத்தின் செலவை எப்போதும் மேசையில் இல்லாதவர்கள்தான் கட்டுகிறார்கள்.

நம்மிடம் இல்லாதது எது என்று புரிந்துகொள்ள இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். 2005 டிசம்பரில் 93-வது திருத்தம் நிறைவேறி, 15(5) என்ற பிரிவு வந்தது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும் இடஒதுக்கீடு தர அரசு சட்டம் போடலாம் என்கிறது அது. அடுத்த ஆண்டு ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சட்டம் போட்டார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வந்தது. அதிலும் ஒரு பேரம்: பொதுப் பிரிவு இடங்களில் ஒன்றுகூடக் குறையாதபடி மொத்த இடங்களைக் கூட்டிய பிறகுதான் ஒதுக்கீடு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். தெருவில் துடைப்பத்தோடு போராடிய மேல்சாதி மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்த விலை அது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கான ஒன்றியச் சட்டம் இருபது ஆண்டுகளாகியும் வரவில்லை. அந்தச் சட்டத்தைப் போடுங்கள் என்று 2025 ஆகஸ்டில் ஒரு நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரையாகவே இருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு என்ற 103-வது திருத்தம் 2019 ஜனவரி 8-இல் மக்களவையில் வந்தது, அன்றே 323-க்கு 3 என்று நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் 165-க்கு 7. ஜனவரி 12-இல் ஒப்புதல். நமக்கு இருபது ஆண்டுகளாக நேரமில்லை என்ற நாடாளுமன்றத்துக்கு அவர்களுக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. இங்கே யாரும் பணமில்லை என்று சொல்லவில்லை, கணக்குக் கேட்கவில்லை. அவர்கள் பேரம் பேசவே தேவையில்லை. மேசையே அவர்களுடையது.

இப்போதும் ஒரு மசோதா மேசையில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்நுட்பக் கல்விக் குழு, ஆசிரியர் கல்விக் குழு மூன்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் மசோதா இந்த மாதம் மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போயிருக்கிறது. இடஒதுக்கீடு என்னாகும், உதவித்தொகை என்னாகும் என்று கேட்க இதுதான் நேரம். சட்டமான பிறகு கேட்டால் அவர்கள் அளந்து போடுவதுதான் நமக்கு.

டெல்லியில் நமக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். புதுச்சேரி சட்டமன்றத்தில் காரைக்காலுக்கு ஐந்து தொகுதிகள், அதில் நெடுங்காடு தனித் தொகுதி. ஊரில்? கல்வி உரிமைச் சட்டம் உள்ளாட்சிக்குப் பல கடமைகளை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அவர்கள் காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு நாம் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து என்று ஒன்று இல்லை. நம் அரசுப் பள்ளிகளைத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாற்றினார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் எத்தனை பேரிடம் கேட்டு மாற்றினார்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை.

எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. ஒரு மேசை மிச்சம் இருக்கிறது. அதே சட்டத்தின் 21-வது பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற திட்டத்தை எழுதுவதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. பல ஊர்களில் இந்தக் குழு கையெழுத்து வாங்கும் நோட்டாக மட்டும் இருக்கிறது. கூலி வேலை முடிந்து வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும், மறுநாள் வீட்டுக்கு நோட்டு வரும். என் அம்மாவும் அப்படி ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூலி பேசாமல் ஒரு நாளும் வயலில் இறங்காத அம்மா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் அதில் கையெழுத்துப் போட்டார். வரப்பில் பேச அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குள் பேசலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும், நம் தெருவில் அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒவ்வோர் அம்மாவும் மூன்று கேள்வி கேளுங்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? அடுத்த கூட்டம் எப்போது? அதை மாலை ஆறு மணிக்கு மேல் வைக்க முடியுமா? தனியாகப் போகாதீர்கள். நடவுக்குப் போவது போலப் பத்துப் பேராகப் போங்கள். நோட்டு வந்தால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்துக் காட்ட ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். இந்த விடுமுறை முடியும் வரை இங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகு போனில் படித்துக் காட்டுங்கள், நான் பொருள் சொல்கிறேன்.

வெண்மணியில் செத்தவர்கள் கேட்டது சில பிடி நெல். அதைக் கேட்கக்கூட நமக்கு உரிமை இல்லை என்றுதான் கொளுத்தினார்கள். நம் பிள்ளைகளின் படிப்புக்கு விலை பேசும் இடத்தில் நாம் இல்லாமல் இருந்தது இனிப் போதும்.